கடையும் வாயிலும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் பேரங்காடிகளின் வரலாறு

ஒரு சமூகத்தின் வரலாற்றைக் கோயில்களிலும் அரண்மனைகளிலும் கல்வெட்டுகளிலும் தேடுவது நம் மரபு. கடைத்தெருவில் தேடுவோர் குறைவு. ஆயினும் மக்கள் நாள்தோறும் கூடிய இடமும், பல மொழியினர் தம்முள் கலந்து பேசிய இடமும் கடைத்தெருவே. கடைத்தெருவின் அமைப்பு மாறும்போது அங்கு வழங்கும் மொழியும் மாறுகிறது. ஷா ஆலம், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர் ஆகிய நகரங்களை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் கடந்த 50 ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்தை ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்துகொள்ளுதல் நன்று என்று கருதி, இவ்வுரையின் பொருளாக அதனை எடுத்துக்கொண்டோம். நாம் மொழியியல் வழி வந்தோர். ஆதலின் கட்டடங்களுக்குச் செல்லுமுன் சொற்களிலிருந்து தொடங்குகிறோம்.

சொற்கள் தரும் சான்று

தமிழில் வணிகம் நடைபெறும் இடத்தைக் குறிக்கும் சொற்கள் பல. அங்காடி, ஆவணம், கடை, சந்தை என்பன அவற்றுட் சில. மதுரைக்காஞ்சி பகற்பொழுதின் நாளங்காடியையும் இரவுப்பொழுதின் அல்லங்காடியையும் வேறுபடுத்திக் காட்டுகிறது. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையில் நாளங்காடி அமைந்திருந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. மலேசிய நகரங்களில் மாலைதோறும் தெருவை அடைத்துக் கூடும் 'பசார் மாலாம்' என்னும் இரவுச் சந்தையை நமக்குப் புதியதாக எண்ண வேண்டியதில்லை. அல்லங்காடி என்ற பழஞ்சொல்லே அதற்கு நேரான பெயர்.

'கடை' என்னும் சொல் தனியே நோக்கத்தக்கது. முடிவு, வாயில், விற்பனை செய்யும் இடம் ஆகிய மூன்று பொருள்களையும் அகராதிகள் தருகின்றன. வீட்டின் வெளிவாயிலைப் புறங்கடை என்றனர். வாயிலைக் குறிக்கும் சொல்லே வணிக இடத்தையும் குறிப்பது கருதத்தக்கது. தெருவை நோக்கித் திறந்த வாயில் இல்லாமல் கடை என்ற ஒன்றை நம் முன்னோர் எண்ணிப் பார்த்திருக்க இயலாது. இச்சொல் கடல் கடந்து 'கெடாய்' என மலாய்மொழியில் நிலைபெற்றது. முதல் 'மோடல்' ஆயிற்று. பெட்டி 'பெத்தி' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. கடன்பெற்ற இச்சொற்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு வணிகனின் உலகமே தோன்றும்: சரக்கேற்றி வந்த கப்பல், பணம் வைத்த பெட்டி, இட்ட முதல், திறந்த கடை. தமிழர் மலாய் உலகத்தோடு கொண்ட பழந்தொடர்பு வணிகத் தொடர்பு என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டா.

இனி 'மால்' என்ற சொல். ஆங்கிலத்திலிருந்து வந்த இச்சொல்லின் பிறப்பு ஒரு விளையாட்டில் உள்ளது. பந்து, சுத்தி என்று பொருள்படும் இரு இத்தாலியச் சொற்கள் இணைந்து அமைந்த பெயருடைய அவ்விளையாட்டு 17ஆம் நூற்றாண்டில் இலண்டனில் செல்வாக்குப் பெற்றிருந்தது. அது ஆடப்பட்ட நீண்ட நிலப்பகுதி மால் எனப்பட்டது. பின்னர் மரநிழலில் உலாவும் பாதைக்கு அப்பெயர் ஆயிற்று. 20ஆம் நூற்றாண்டில்தான் அது கடைகள் நிறைந்த கட்டடத்தைக் குறிக்கலாயிற்று. தமிழில் ஏற்கெனவே 'மால்' என்றொரு சொல் உண்டு. திருமாலையும் பெருமையையும் கருமையையும் குறிப்பதோடு, அது மயக்கத்தையும் குறிக்கும். இரண்டு சொற்களுக்கும் உறவில்லை. ஒலி ஒன்றியது தற்செயலே. ஆயினும் அம்மயக்கம் நாம் பேசவிருக்கும் பொருளுக்கு அயலானதன்று என்பது பின்னர் விளங்கும்.

தெருவை நோக்கிய கடை

கோலாலம்பூர் 1880ஆம் ஆண்டில் சிலாங்கூரின் தலைநகராயிற்று. மறு ஆண்டிலேயே தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து நகரை அழித்தன. மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன வீடுகள் எரிந்தன. 1882இல் பொறுப்பேற்ற ஆங்கிலேய அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டடங்கள் எழுப்புமாறு பணித்தார். அச்செங்கல் சுடப்பட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர்பெற்றது. எனவே கோலாலம்பூரின் கடைவீடுகளுக்கும் தமிழர் பெருகி வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக்கும் பிறப்பிலேயே தொடர்புண்டு.

கடைவீடு என்பது முகப்புக் குறுகியும் உட்புறம் நீண்டும் அமைந்த கட்டடம். கீழே வணிகம், மேலே குடும்பம், நடுவில் காற்றும் வெளிச்சமும் மழைநீரும் இறங்கும் முற்றம் என்பது அதன் அமைப்பு. அதன் முன்புறத்தில் ஐந்தடி அகலமுள்ள மூடிய நடைபாதை உண்டு. மலாய்மொழியில் இதனைக் 'காக்கி லிமா' என்பர். 1822இல் சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் ராபிள்ஸ் விதித்த இம்முறை தீபகற்பத்தின் பிற நகரங்களுக்கும் பரவியது. இதில் ஒரு நுட்பம் உள்ளது. நிலம் கடைக்காரருடையது, ஆயினும் அதன்மேல் நடக்கும் உரிமை எல்லாருடையது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவோர், பொருள் வாங்காமல் கடந்து செல்வோர், பூக்கட்டுவோர், செருப்புத் தைப்போர், நாளிதழ் விற்போர் என யாவரும் அங்கு நின்றனர். தனியுடைமைக்கும் பொதுவுடைமைக்கும் இடையில் நின்ற அவ்வைந்தடியை நாம் ஒரு பெரிய வாயில் என்றே கூறலாம்.

பல கடைகள் ஒரு கூரையின்கீழ் அமைவதும் தமிழர்க்குப் புதிதன்று. மதுரையில் 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டுவித்த புதுமண்டபம் வசந்த விழாவுக்கென எழுந்தது. கோடையின் வெப்பத்தைத் தணிக்க அதனைச் சுற்றி நீர் நிற்கும் அகழியும் அமைத்தனர். பிற்காலத்தில் அத்தூண்களினிடையே தையற்காரரும் வளையல் விற்போரும் புத்தகக் கடையினரும் நெடுங்காலம் வணிகம் செய்தனர். மலாயாவில் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளும் இவ்வகையின. ஒரு நீண்ட கூடத்தில் ஒவ்வொரு வட்டிக்கடையும் ஒரு பெட்டியும் ஒரு சாய்மேசையும் கொண்ட சிறிய இடத்தைப் பெற்றிருந்தது. கோலாலம்பூரின் லெபோ அம்பாங் தெரு அத்தொழிலால் பெயர்பெற்றது. ஆயினும் மண்டபத்துக்கும் கிட்டங்கிக்கும் தெருவோடு உறவு இருந்தது. உள்ளே நுழைந்தவர் வெளியை மறந்துவிடவில்லை.

வியன்னாவிலிருந்து மினசோட்டாவுக்கு

வெளியை மறக்கச் செய்யும் கட்டடம் 1956ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து எடைனா நகரில் திறக்கப்பட்டது. அதன் பெயர் சவுத்டேல். அதனை வடிவமைத்தவர் விக்டர் குருவென். 1903இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1938இல் நாசி ஆட்சிக்கு அஞ்சி அமெரிக்காவுக்குப் பெயர்ந்தவர் அவர். உறைபனிக் குளிர் வாட்டும் அந்நாட்டில், கடைகள் அனைத்தையும் ஒரு கூரையின்கீழ் உள்நோக்கித் திருப்பி, ஆண்டு முழுவதும் ஒரே தட்பவெப்பம் நிலவச் செய்தார். நடுவில் மரங்களும் நீரூற்றும் கொண்ட முற்றத்தை அமைத்தார். அது 'என்றும் வசந்தம்' என்று விளம்பரப்படுத்தப்பட்டது. மதுரை வசந்த மண்டபத்தை அவர் அறிந்திருக்கத் தேவையில்லை. தட்பவெப்பத்தை வென்று ஓர் இடத்தை இனிதாக்க வேண்டும் என்ற வேட்கை மாந்தர்க்குப் பொதுவானது.

குருவெனின் நோக்கம் வணிகம் மட்டுமன்று. நகர மையமே இல்லாத அமெரிக்கப் புறநகர்களுக்கு வியன்னாவின் சதுக்கம் போன்ற ஒரு கூடுமிடத்தைத் தர விரும்பினார். வீடுகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் சூழ்ந்த நகர மையமாக அது வளரும் என்று எண்ணினார். வளர்ந்ததோ கார் நிறுத்துமிடம். தம் வடிவத்தைப் பின்பற்றி எழுந்த வணிகக் கட்டடங்களுக்குத் தாம் தந்தையல்லர் என்று முதுமையில் வெளிப்படையாக மறுத்துரைத்து, வியன்னாவுக்கே திரும்பி, 1980இல் அவர் மறைந்தார்.

இவ்வடிவத்தின் உறுப்புகளை மாணவர்கள் அறிதல் வேண்டும். பெருங்கடைகள் இரண்டு இரு முனைகளில் அமையும். அவற்றை நாடி நடப்போர் இடையிலுள்ள சிறு கடைகளைக் கடந்தே தீர வேண்டும். மின்படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமையாமல் விலகி நிற்கும். அடுத்த தளத்துக்குச் செல்வோர் மீண்டும் ஒரு தொலைவு நடப்பர். சன்னல்கள் அரிதாதலின் பொழுது போவது தெரியாது. ஒரு பொருளை நாடி வந்தவர், வந்த நோக்கத்தை மறந்து, எதனையும் வாங்க ஒருப்படும் நிலை எய்துவர். இந்நிலைக்கு ஆங்கில நூலோர் குருவெனின் பெயரையே சூட்டியுள்ளனர். நம் மொழியில் இதற்கு ஒரு பெயர் வேண்டின், மால் என்பதே போதும்.

இந்நாட்டில் மால்

மலேசியாவின் முதற் பேரங்காடியாகக் கருதப்படுவது 1973இல் கோலாலம்பூரில் திறக்கப்பட்ட அம்பாங் பார்க். 1977இல் சுங்கை வாங் பிளாசா தோன்றியது. 1980களின் இறுதியில் இவ்வலை புறநகர்களுக்குப் பரவியது; 1988இல் சுபாங் பரேட் எழுந்தது. 1985இல் ஷா ஆலம் தொழிற்சாலையிலிருந்து முதல் புரோட்டோன் சாகா கார் வெளிவந்ததையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். நடுத்தரக் குடும்பம் சொந்தக் கார் வாங்கத் தொடங்கிய பின்னரே, பேருந்து நிறுத்தத்தை அடுத்த கடைத்தெருவை விட்டு நெடுஞ்சாலையை அடுத்த கட்டடத்தை மக்கள் நாடினர்.

எகிப்தியக் கூர்ங்கோபுரமும் முகப்பில் சிங்க உருவமும் கொண்ட சன்வே பிரமிட் 1997இல் திறக்கப்பட்டது. 1998இல் இரட்டைக் கோபுரத்தின் அடியில் சூரியா கேஎல்சிசியும், 1999இல் மிட் வேலி மெகாமாலும் திறக்கப்பட்டன. பொருளாதார நெருக்கடி ஆசியாவை வாட்டிய ஆண்டுகளில் இவை எழுந்தன. குளிருக்காகப் பிறந்த வடிவம் இங்கு வெயிலுக்கும் மழைக்கும் அரணாயிற்று. தொழுகையறை, பல இனத்து உணவையும் ஓரிடத்தில் தரும் உணவுக்கூடம் முதலியன சேர்ந்து அது இந்நாட்டுக்குரிய உருவம் பெற்றது. தமிழ்த் திரைப்படங்களும் இன்று அங்குள்ள திரையரங்குகளில்தான் ஓடுகின்றன. முதியோரும் குழந்தைகளும் சக்கர நாற்காலியில் வருவோரும் இடரின்றி உலாவுவதற்கு இவை உதவுகின்றன என்பதையும் மறுத்தலாகாது.

இக்கட்டடங்களும் அழிவுக்கு விலக்கல்ல. முதலில் தோன்றிய அம்பாங் பார்க் 2017ஆம் ஆண்டு இறுதியில் மூடப்பட்டது. பின்னர் விரைவு இரயில் பாதைக்காக இடிக்கப்பட்டது. 44 ஆண்டுகளே அதன் வாழ்நாள். 1937ஆம் ஆண்டைச் சேர்ந்த மத்தியச் சந்தைக் கட்டடமோ, காய்கறிச் சந்தையாக இருந்த நிலை மாறி 1986இல் கலைப்பொருள் அங்காடியாகி இன்றும் நிற்கிறது.

தோட்டம் இருந்த இடம்

பேரங்காடிகள் எந்நிலத்தின்மேல் எழுந்தன என்ற வினா தமிழர்க்குரியது. சன்வே எழுந்தது பழைய ஈயச் சுரங்கத்தின்மேல். ஷா ஆலம் எழுந்தது ரப்பர், செம்பனைத் தோட்டங்களின்மேல். 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது; சிலாங்கூருக்குப் புதிய தலைநகர் வேண்டியதாயிற்று; 1978இல் ஷா ஆலம் தலைநகராக அறிவிக்கப்பட்டது. பகுதி எண்களால் பிரித்துத் திட்டமிடப்பட்ட நகரம் அது. கிள்ளான் தெருவிலிருந்து வளர்ந்த ஊர். ஷா ஆலமோ வரைபடத்திலிருந்து வளர்ந்தது. ஆதலின் கிள்ளானில் தெங்கு கெலானா சாலையில் துணிக்கடையும் நகைக்கடையும் மளிகைக்கடையும் வாயில் திறந்து வரிசையாக நிற்க, ஷா ஆலத்தில் வணிகம் தொடக்கமுதலே பெரும்பாலும் வளாகங்களுக்குள் அமைந்தது.

தோட்டங்கள் மறைந்தபோது தமிழர் இழந்தது வேலையும் லயன் வீடும் மட்டுமல்ல. தோட்டத்துக் கடையையும் இழந்தனர். அக்கடையில் அரிசியும் பருப்பும் பற்றுக்கணக்கில் கிடைத்தன. சம்பளநாளில் கணக்குத் தீர்ந்தது, அல்லது தீராமல் வளர்ந்தது. அது கடனில் அழுத்திய கடையும்தான். பொற்காலமாகப் புனைதல் வேண்டா. ஆயினும் அது தமிழ் வழங்கிய இடம். கடை நடத்திய சீனருள் தமிழ் பேசி வணிகம் செய்தோர் உண்டு. வாங்குவோர் மொழியை விற்போர் கற்கவேண்டிய நிலை அங்கு இருந்தது.

தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் நிலையிழந்ததைக் கண்டு, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலை இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. 2010இல் அப்பகுதி லிட்டில் இந்தியாவாக அறிவிக்கப்பட்டது. 2014இல் அதனை அடுத்து நூ சென்ட்ரல் பேரங்காடி திறக்கப்பட்டது. கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து மோனோரயில் நிலையத்துக்குச் செல்வோர் இப்பேரங்காடியின் ஊடே நடந்து செல்கின்றனர். ஐந்தடிப் பாதையில் தனியார் நிலத்தின்மேல் பொதுவுரிமை இருந்தது. இங்குப் பொதுப் பயணம் தனியார் கட்டடத்தின் வழியாகச் செல்கிறது. வரலாற்று மாணவர் நின்று நோக்க வேண்டிய மாற்றம் இது.

தோட்டங்களின் பெயர்கள் எங்கே எஞ்சியுள்ளன? ஷா ஆலத்தின் 7ஆம் பகுதியில் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி உள்ளது. செத்தியா ஆலத்தில் நார்த் ஹம்மோக் தோட்டத் தமிழ்ப்பள்ளி உள்ளது. சுற்றிலும் தோட்டம் இல்லை. முன்னதன் வட்டாரத்தில் ஐ-சிட்டியின் பேரங்காடியும், பின்னதன் வட்டாரத்தில் 2012இல் திறக்கப்பட்ட செத்தியா சிட்டி மாலும் நிற்கின்றன. வணிக வளாகங்கள் சூட்டிக்கொண்ட பெயர்களில் பழைய தோட்டத்தின் நினைவு இல்லை; அந்நினைவைத் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையே தாங்கி நிற்கிறது.

வாயில் இழந்த கோலம்

தீபாவளிக் காலத்தில் பேரங்காடிகளின் நடுக்கூடத்தில் வண்ண அரிசியால் பெருங்கோலம் இடுவது இந்நாட்டு வழக்கம். மயிலும் விளக்கும் தாமரையுமாக விரியும் அக்கோலத்தைப் பல இனத்தவரும் சூழ்ந்து நின்று படமெடுக்கின்றனர். தமிழர் கலையொன்று பொதுவிடத்தில் மதிப்புப் பெறுவது மகிழத்தக்கதே. ஆயினும் கோலம் வாயிலுக்குரியது. வைகறையில் இட்டு, மாலைக்குள் கால்பட்டு அழிந்து, மறுநாள் மீண்டும் இடப்படுவது அதன் இயல்பு. நடுக்கூடத்துக் கோலத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. அது வாரக்கணக்கில் அழியாமல் இருக்கிறது. வருவோரை வரவேற்ற கோலம் இங்கே வருவோர் பார்க்கும் காட்சிப்பொருளாகிவிட்டது.

அதனருகில் வைக்கும் வாழ்த்துப் பலகைகளைப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னே நிற்கும். புள்ளி இடம் மாறியிருக்கும். சொல் நடுவே உடைந்திருக்கும். தமிழ் எழுத்துகளைக் கோக்க அறியாத கணினிச் செயலியில் அச்சிட்டதன் விளைவு இது. அச்சிட்டவருக்குத் தமிழ் தெரியாதது குற்றமன்று. தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டவேண்டும் என்று எவருக்கும் தோன்றாததே கவலைக்குரியது. எழுத்து படிப்பதற்குரியது என்ற நிலை போய், அழகுக்குரிய கோடு என்ற நிலைக்கு இறங்குவதன் அறிகுறி அது. கடைத்தெருவில் தமிழ்ப்பலகை வாங்குவோரை அழைத்தது; பிழைபட்டால் மறுநாளே ஒருவர் வந்து சொல்லியிருப்பார்.

சொல்வளமும் சுருங்குகிறது. பேரங்காடியில் பேரம் இல்லை; விலை ஒட்டியே வருகிறது. போணி இல்லை, முதல் விற்பனை எது என்று விற்பவருக்கே தெரியாது. கொசுறு இல்லை, எடைப்பொறி அதற்கு இடந்தராது. பற்றுவரவு இல்லை, அட்டை உண்டு. இச்சொற்கள் குறித்த செயல்கள் மறையும்போது சொற்களும் மறைகின்றன. அவற்றோடு, விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் 'அண்ணே', 'அக்கா', 'தங்கச்சி' என்று விளித்துக்கொண்ட உரையாடல் மரபும் தேய்கிறது.

புதிய கட்டடத்துக்கு நாம் பெயரிட்டது உண்மை. பேரங்காடி, கடைத்தொகுதி, வணிக வளாகம் என்று மூன்று சொற்கள் வழங்குகின்றன. முதலாவது அளவை நோக்கியது. இரண்டாவது எண்ணிக்கையை நோக்கியது. மூன்றாவது சூழ்ந்தடைத்த எல்லையை நோக்கியது. மூன்றும் நல்ல சொற்களே. ஆனால் ஒரு பொருளுக்குப் பெயர் சூட்டுவது மொழி வாழ்வின் தொடக்கம்தான். அவ்விடத்தினுள் அம்மொழி பேசப்பட வேண்டும். பெயர் தமிழாகவும் உள்ளே நிகழும் பேச்சனைத்தும் வேறாகவும் இருப்பின், அச்சொல் பாடநூலுக்குள்ளேயே தங்கிவிடும்.

நாம் செய்யத்தக்கன

பேரங்காடிகளைப் பழித்து விலக்குவது அறிவுடைமையன்று. நம் பிள்ளைகள் அங்குப் பணிபுரிகின்றனர். நம் குடும்பங்கள் அங்கு மகிழ்கின்றன. செய்யத்தக்கவை வேறு.

முதலாவது, தொகுப்பு. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் வட்டாரத்து மூத்த கடைக்காரர்களிடமும் முன்னாள் தோட்டத் தொழிலாளர்களிடமும் சென்று, கடையிலும் சந்தையிலும் வழங்கிய சொற்களை ஒலிப்பதிவோடு தொகுக்கலாம். கல்லா, கொசுறு, போணி, கைராசி போன்ற சொற்களை அவை வழங்கிய வாக்கியத்தோடும் நிகழ்ச்சியோடும் பதிதல் வேண்டும். தனிச்சொற் பட்டியல் பிற்காலத்தார்க்கு அரைப்பயனே தரும். மலாய்மொழிக்குச் சென்ற நம் சொற்களையும், மலாய்மொழியிலிருந்து நாம் பெற்றவற்றையும் அருகருகே எழுதினால் அது வரலாற்றுப் பாடமுமாகும்.

இரண்டாவது, வரைபடம். தம் பள்ளி நிற்கும் நிலம் முன்னர் எந்தத் தோட்டம், அதன் கடையும் கோயிலும் லயன்களும் எங்கே இருந்தன, இன்று அவ்விடத்தில் எது உள்ளது என்று மாணவர்கள் வரைந்து வைக்கட்டும். மிட் வேலி வளாகத்தை ஒட்டி இன்றும் நிற்கும் அம்மன் கோயிலைப் போல, புதிய நகரின் ஓரத்தில் எஞ்சிய பழைய அடையாளங்கள் பல உள. அவற்றை அறிந்தவர் இருக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, திருத்தம். பிழைபட்ட தமிழ்ப்பலகையைக் கண்டால் படமெடுத்து நகைப்பதோடு நில்லாமல், அதன் நிருவாகத்துக்குத் திருத்திய வடிவத்தைப் பணிவோடு எழுதியனுப்புங்கள். பெயர்ப்பலகைகளில் மலாய்மொழிக்கு முதன்மை தருவது இந்நாட்டு முறை. அதனோடு தமிழுக்கும் இடமுண்டு. கிடைத்த இடத்தில் பிழையற நிற்பது நம் பொறுப்பு.

நான்காவது, வழக்கு. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் தெருவை நோக்கித் திறந்த கடைகள் இன்னும் உள. அங்கே சென்று தமிழில் விலை கேளுங்கள். தமிழில் பேரம் பேசுங்கள். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். வகுப்பறையில் கற்ற எண்ணுப்பெயரும் அளவுப்பெயரும் நிறப்பெயரும் அங்கே உயிர்பெறும். ஒரு குழந்தை கடைக்காரரிடம் தமிழில் கேட்டு, தமிழில் விடைபெற்று, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கும் அந்தச் சில நிமிடங்கள் ஒரு பாடவேளைக்கு ஈடாகும்.